கீழ டெங்கு, மேல வெறும் கொசுக்கடி: சூட்டுக்கும் கொசுவுக்குள்ள இருக்கிற வைரஸுக்கும் என்ன கணக்கு?

கூடலூர்_ஜீப் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். நான் தேனி மாவட்டம் கூடலூர். காலைல தோட்ட ஆளுங்கள ஏத்திக்கிட்டு கம்பம்மெட்டு வழியா மேல கேரளாவுல இடுக்கி மலைல இருக்கிற வண்டன்மேடு பக்கம் ஜீப் ஓட்டுறேன், பொழுது சாய திரும்ப கீழ. ஒரு சந்தேகம் ரொம்ப நாளா மண்டைய கொடையுது, இங்க விவரம் தெரிஞ்சவங்க இருக்கீங்கன்னு கேக்குறேன்.

மேல ஏலத்தோட்டத்துக்குள்ள ஜூன் ஜூலைல ஒரு பத்து நிமிசம் சும்மா நின்னு பாருங்க, கொசு பிச்சு எடுத்துரும், அதுவும் அந்த வெள்ளை வரி போட்ட கொசு, பட்டப்பகல்லயே முழங்கைக்குக் கீழ தேடித் தேடி கடிக்கும். ஆளுங்க புகையில தடவிக்கிறாங்க, முழுக்கை சட்ட போட்டுக்கிறாங்க, ஒண்ணும் கதைக்கு ஆகல. ஆனா எங்க ஜீப்புல வர்ற ஆளுங்கள்ல டெங்குனு படுத்தவங்க பூராம் ஐப்பசி கார்த்திகைலதான் படுத்தாங்க, அதுவும் இங்க கீழ, அவங்கவங்க வீட்டுல. கீழ எனக்குத் தெரிஞ்சு அந்த அளவுக்கு கடி கிடையாது.

ஊருக்கு வந்த ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஒருத்தர்கிட்ட கேட்டேன். "சூடு கூடுனா கொசுக்குள்ள வைரஸ் வெரசா வளரும்பா, மேல குளுரு, அதான்" அப்படின்னுட்டு தொட்டில அபேட்ங்கிற கொசுப்புழு மருந்த ஊத்திட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டாரு. சரின்னு கேட்டுக்கிட்டேன், ஆனா பெறகு யோசிச்சா இடிக்குது. அப்படிப் பாத்தா சித்திரை வைகாசில இங்க 37 டிகிரி கொளுத்துதே, அப்பல்ல ஊரே ஆஸ்பத்திரில கெடக்கணும்? அப்ப கம்மியாத்தான இருக்கு, மழை பேஞ்சு கொஞ்சம் குளுந்த பெறகுதான வருது.

அப்ப சூடு நல்லதா கெட்டதா? கொசுவுக்குள்ள என்னதான் நடக்குது? தேடிப் பாத்தா எல்லாம் இங்கிலீசுல கிராப் கிராப்பா வருது. தமிழ்ல ஒருத்தர் சொன்னா புண்ணியமா போகும்.

---

மலையடிவாரம்

அதெல்லாம் ஒரு கணக்கும் இல்லண்ணே. தண்ணி தேங்குனா கொசு வரும், கொசு வந்தா காய்ச்சல் வரும். சித்திரைல தண்ணி எங்க இருக்கு? அவ்வளவுதான் மேட்டர். டிகிரி கிகிரினு சொல்றதெல்லாம் ஆபீசருங்க நம்மள வாயடைக்க சொல்றது.

---

பூச்சிப்பையன்

நான் மதுரைல பூச்சியியல் படிக்கிறேன், சொந்த ஊரு கம்பம்தான். மலையடிவாரம் அண்ணன் சொல்றதுல பாதி சரி, மீதிய நான் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒண்ணு. டெங்கு வந்த ஆள கடிச்ச கொசு, உடனே அடுத்த ஆள கடிச்சா டெங்கு பரவாது. ஊசி மாதிரி ரத்தத்த இங்க உறிஞ்சி அங்க ஏத்துறது இல்ல. குடிச்ச ரத்தம் கொசு வயித்துக்குப் போகுது, அதுல இருக்கிற வைரஸ் குடல் சுவத்துல இருக்கிற செல்லுக்குள்ள நுழையணும், அங்க பெருகணும், பெறகு குடல ஓட்ட போட்டு வெளிய வந்து உடம்பு பூராம் பரவணும், கடைசியா எச்சி சுரப்பிக்கு வந்து சேரணும். எச்சில வந்த பெறகுதான் அந்தக் கொசு ஆபத்தானது. நிறைய கொசுல குடல் சுவத்தோடயே கதை முடிஞ்சுரும், வைரஸ் தாண்டவே தாண்டாது.

இந்த இடைப்பட்ட நாளுதான் எல்லாத்துக்கும் ஆதாரம். நமக்கு உடம்பு எப்பவும் 37ல நிக்கும், கொசுவுக்கு அப்படி கெடையாது, வெளிய என்ன சூடோ அதான் அது உடம்புச் சூடு. குளுந்தா அது உள்ள எல்லாமே மந்தம், வைரஸ் பெருகுறதும் மந்தம். 2012ல பழைய ஆய்வெல்லாம் ஒண்ணா சேர்த்து கணக்கு போட்ட ஒரு பேப்பர் வந்துச்சு, டெங்கு வைரஸ் எச்சிக்கு வர 25 டிகிரில சராசரியா 15 நாள், அதுவே 30 டிகிரில ஆறரை நாள். அஞ்சே டிகிரி வித்தியாசம், நாள் பாதிக்கும் கீழ. 20 பக்கம் எறங்கிட்டா வாரக்கணக்குல இழுக்கும், 18க்குக் கீழ கிட்டத்தட்ட நின்னே போகும்.

இப்ப கொசு எத்தன நாள் உயிரோட இருக்கும்னு பாருங்க. சும்மா ஒரு கணக்குக்கு, தினமும் பத்துல ஒரு கொசு சாகுதுன்னு வச்சுக்குவோம் (பல்லி, சிலந்தி, நம்ம கை எல்லாம் சேர்த்து). 100 கொசு டெங்கு ரத்தம் குடிச்சிருக்கு. ஏழாம் நாள் உயிரோட இருக்கிறது 48. பதினஞ்சாம் நாள் 20 சொச்சம். முப்பதாம் நாள் வெறும் 4. அதாவது வைரஸ் பழுத்து வர்றதுக்குள்ள கொசு செத்துப்போகுது. மேல உங்கள கடிக்கிற நூறு கொசுல நோய் குடுக்கிற வயசுக்கு வந்தது ஒண்ணு ரெண்டு கூட இருக்காது, கீழ கடிக்கிற பத்துல ஒண்ணு அப்படி இருந்துச்சுன்னா போதும். கடி எண்ணிக்கைய வச்சு டெங்க கணக்கு போட முடியாதுங்கிறது இதுக்குத்தான். குளுர்ல கொசு கொஞ்சம் கூட நாள் வாழும்தான், ஆனா வைரஸ் தாமதமாகிற அளவுக்கு அது ஈடு கட்டாது.

இன்னொண்ணும் இருக்கு. சூட்டுல ரத்தம் சீக்கிரம் செரிக்குது, முட்டை சீக்கிரம் வைக்குது, அதனால சீக்கிரம் மறுபடியும் கடிக்க வருது. புழு கொசுவாகுறதும் 28 டிகிரில ஒரு வாரம் பத்து நாள், குளுர்ல மூணு வாரம் கூட ஆகும். எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு பெருக்கிக்கிட்டே போகும்.

---

கூடலூர்_ஜீப்

தம்பி இப்பத்தான் ஒரு பிடி கெடச்ச மாதிரி இருக்கு. ஆனா சித்திரை கேள்வி அப்படியே நிக்குதே. 30ல ஆறு நாள்னா 37ல மூணு நாள் ஆகணும்ல?

---

பூச்சிப்பையன்

வைரஸுக்கு மட்டும் பாத்தா ஆமா, இன்னும் வேகம்தான். ஆனா கொசுவுக்கு தாங்காது. சூடு ஏற ஏற ஒரு எடம் வரைக்கும் எல்லாம் ஏறும், அதுக்கு மேல கொசு ஆயுசு சடசடன்னு விழுகும், முட்டை பொரிக்கிறது குறையும், புழு தண்ணிலயே சாகும். ஸ்டான்ஃபோர்டுல எரின் மோர்டெகாய்னு ஒரு அம்மா, அவங்க குழு 2017ல இத எல்லாத்தயும் சேர்த்து கணக்கு போட்டாங்க. நம்ம வீட்டு டெங்கு கொசு, ஏடிஸ் எஜிப்டி, அதுக்கு பரப்ப ரொம்ப தோதான சூடு 29 டிகிரி. சூடு எறங்குனா 18 கிட்ட, ஏறுனா 34 சொச்சத்துல அது பரப்புறது முடிஞ்சுபோகுது. ஏறி எறங்குற மலை மாதிரி ஒரு கோடு, உச்சி 29ல.

இது சராசரி சூடு, அத கவனிக்கணும். மத்தியானம் 37 அடிச்சாலும் ராத்திரி 25க்கு வந்தா சராசரி 31தான். அதனால சித்திரைல சூடு மட்டுமே டெங்க நிப்பாட்டுதுன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். இங்கதான் மலையடிவாரம் அண்ணன் சொன்னது வருது, தண்ணி இல்ல, அதோட காத்துல ஈரமும் இல்ல, வறண்ட காத்துல கொசு காஞ்சு சீக்கிரம் சாகும். ஐப்பசில பாருங்க, மழைத்தண்ணி கெடக்கு, காத்து ஈரமா இருக்கு, பகல் 30, ராத்திரி 22 23. சராசரி 26 27. உச்சிக்குப் பக்கத்துலயே வந்து உக்காந்துக்குது.

அதுக்காக கோடைல டெங்கே வராதுன்னு இருந்துராதீங்க. தண்ணிப் பஞ்சம்னா நாம என்ன பண்றோம், ட்ரம்லயும் தொட்டிலயும் நாலு நாளுக்குப் புடிச்சு வைக்கிறோம். எஜிப்டிக்கு மழையே வேணாம், அந்த ட்ரம் போதும். பகல்ல கட்டிலுக்கு அடியில, தொங்குற துணிக்குப் பின்னாடி, பீரோ சந்துல போய் உக்காந்துக்கும், வெளிய 37 இருந்தா அது உக்காந்திருக்கிற எடம் 31 32தான் இருக்கும்.

இன்னொரு ஆய்வு, 2011ல லூயி லாம்ப்ரெக்ட்ஸ்னு ஒருத்தர் குழு பண்ணுனது. சராசரி 26தான், ஆனா ஒரு பெட்டில பகலுக்கும் ராத்திரிக்கும் சூடு 20 டிகிரி ஏறி எறங்குது, இன்னொண்ணுல கொஞ்சமாத்தான் ஏறி எறங்குது. ரொம்ப ஏறி எறங்குன பெட்டில கொசுவுக்கு டெங்கு தொத்துறதும் கம்மி, கொசு செத்ததும் சீக்கிரம். மழைக்காலத்துல மேகம் மூடிக்கிட்டு பகலும் ராத்திரியும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்ல, அதுவும் டெங்குக்கு வசதிதான்.

---

ஸ்டோர்_மேஸ்திரி

அட இது நம்ம ஏலக்கா ஸ்டோர் கணக்குல்ல! சூடு பத்தலைன்னா காய் காய ரெண்டு நாள் இழுத்து பூஞ்சணம் புடிக்கும், சூடு கூடிப்போச்சுன்னா வெரசா காயும், ஆனா பச்ச நெறம் போயி காய் வெடிச்சுரும், நடுவுல ஒரு சூடு இருக்கு அதுல நின்னாத்தான் வெல. கொசுவுக்கும் அப்படி ஒரு நடு சூடு இருக்குன்னு இப்பத்தான் தெரியுது.

---

நெடுங்கண்டம்_தமிழன்

மேல டெங்கு இல்லன்னு யாரு சொன்னது? நான் இடுக்கில பொறந்து வளந்தவன், அப்பா காலத்துலயே உத்தமபாளையத்துல இருந்து மேல வந்து தங்கிட்டோம். இங்கயும் வருது, நல்லாவே வருது. நேரம்தான் வேற. கேரளா முழுக்கவே டெங்கு தலை தூக்குறது இடவப்பாதி மழையோட, ஜூன் ஜூலைல, உங்களுக்கு ஐப்பசி மழையோட. ஜீப்ல வர்ற ஆளுங்க சாயங்காலம் எறங்கிப் போயிடுறாங்க, ராத்திரி இங்க தங்குற எங்களக் கேட்டாத்தான தெரியும்.

அப்புறம் 2007 சிக்குன்குனியாவ யாரும் மறந்துட்டீங்களா? அப்ப கோட்டயம், பத்தனம்திட்டா, இடுக்கி இங்கதான் ஆடுச்சு அது. எங்க லயத்துல, அதான் தோட்ட ஆளுங்க இருக்கிற வரிசை வீட்டுல, ஒரு வீடு மிச்சம் இல்ல. எங்கம்மா காலைல எந்திரிச்சு கட்டில்ல இருந்து கால கீழ வைக்க முடியாம உக்காந்தே இருக்கும், குழாயத் திருக விரல் மடங்காது, எதிர் வீட்டு சேச்சி வந்து திருகி விடும், அவங்களுக்கு வந்தப்ப எங்கம்மா போச்சு. தோட்டத்துல காய் எடுக்க ஆள் இல்லாம காய் பழுத்து உதிந்துச்சு. மழை, குளுரு, மலை, எல்லாம் இருந்துச்சு, ஆனாலும் வந்துச்சே. அதுக்கு என்ன கணக்கு சொல்றீங்க தம்பி?

---

பூச்சிப்பையன்

அண்ணே நல்ல கேள்வி, நான் சொல்லாம விட்ட பாதிய நீங்க இழுத்துட்டு வந்துட்டீங்க.

கொசு ஒரே ஜாதி இல்ல. ஊருக்குள்ள வீட்டுக்குள்ள இருக்கிறது எஜிப்டி. தோட்டம், ரப்பர் எஸ்டேட், மரத்தடி, இங்க ராஜ்ஜியம் பண்றது அல்போபிக்டஸ், புலிக்கொசுன்னு சொல்றது. ஜீப் அண்ணன ஏலத்தோட்டத்துல கடிக்கிறது பெரும்பாலும் அதுதான். ரெண்டுக்கும் வரி உண்டு, முதுகுல ஒரே ஒரு வெள்ளக் கோடு நேரா ஓடுனா அல்போபிக்டஸ், வளைஞ்ச கோடு ரெண்டு பக்கமும் இருந்தா எஜிப்டி. அல்போபிக்டஸுக்கு அதே 2017 கணக்குப்படி தோதான சூடு 26தான். அதாவது எஜிப்டிய விட மூணு டிகிரி கீழ. 16 17 வரைக்கும் கூட கொஞ்சம் தாக்குப் புடிக்கும், ஆனா சூடு ஏறுனா 31 32லயே முடிஞ்சுரும். அதனால இடுக்கில ஏப்ரல் மே ஜூன்ல, மலை இன்னும் சூடா இருக்கும்போதே மழையும் ஆரம்பிக்குதுல்ல, அதுதான் அதோட சீசன். ஆடி மழை ஊத்தி பகல்லயே 22 23னு எறங்குனா வேகம் குறையும். கடி குறையாது, அது வேற.

டெங்கு பரப்புறதுல அல்போபிக்டஸ் எஜிப்டி அளவுக்கு கெட்டி இல்ல. அது மனுசனத் தவிர ஆடு மாடு நாயையும் கடிக்கும், எஜிப்டி மனுசனத் தேடி வரும். ஆனா சிக்குன்குனியாவுல கதை மாறிப்போச்சு. 2006ல நாடு முழுக்க வந்தப்ப இருந்த வைரஸுல, 2007ல கேரளாவுல எடுத்துப் பாத்தா வெளி உறை புரதத்துல ஒரே ஒரு எடத்துல மாற்றம், அலனின்ங்கிற அமினோ அமிலம் இருந்த எடத்துல வாலின்ங்கிற இன்னொண்ணு. இதே மாற்றம் அதுக்கு முன்னாடியே ரீயூனியன் தீவுல வந்திருந்துச்சு. அந்த ஒரு மாற்றத்தால அல்போபிக்டஸ் குடல் சுவத்த வைரஸ் சுலபமா தாண்டிருச்சு. ரப்பர் காட்டுல பால் புடிக்கிற செரட்டைல மழைத்தண்ணி, அதுல இந்தக் கொசு, கொசுவுக்குள்ள அதுக்குன்னே தச்ச சட்ட மாதிரி ஒரு வைரஸ். அதான் உங்க லயத்துல ஒரு வீடு மிச்சம் இல்லாமப் போச்சு.

அதே 2007ல கேரளாவுல இருந்து ஒருத்தர் இத்தாலில சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருக்காரு, காய்ச்சலோட. ரவென்னா பக்கத்துல சின்ன ஊரு. அங்கயும் புலிக்கொசு ஏற்கனவே குடியேறி இருந்துச்சு, வெயில் காலம் வேற. ரெண்டு மாசத்துல 200 பேருக்கு மேல சிக்குன்குனியா. ஐரோப்பாவுல உள்ளூர்லயே சிக்குன்குனியா பரவுனது அதுதான் முதல். குளுர் நாடு, கொசு நாடு கெடையாதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தாங்க, ஆனா வைரஸ் பழுக்க வருசம் பூராவும் சூடா இருக்கணும்னு அவசியம் இல்ல, ரெண்டு மாசம் போதும்.

இன்னொரு விசயம், நானே படிச்சப்ப நம்பல. எல்லா வைரஸும் சூட்டத்தான் விரும்பும்னு சொல்ல முடியாது. புழுவா இருக்கும்போது குளுந்த தண்ணில, 18 டிகிரில, வளத்து எடுத்த அல்போபிக்டஸ, சூட்டுல வளத்த கொசுவோட ஒப்பிட்டா, குளுர்ல வளந்ததுக்குத்தான் சிக்குன்குனியா அதிகமா தொத்துது. எஜிப்டில இத இன்னும் உள்ள போய்ப் பாத்தாங்க, கொசு வைரஸ அடிக்க ஒரு ஆயுதம் வச்சிருக்கு, வைரஸோட ஆர்என்ஏவ துண்டு துண்டா நறுக்குறது, குளுர்ல வளந்த கொசுல அது சரியா வேல செய்யல. அதனால குளுரு ஒரு பக்கம் வைரஸ மெதுவாக்குது, இன்னொரு பக்கம் கொசுவோட காவலயும் தளத்துது. ரெண்டுல எது ஜெயிக்கும்கிறது வைரஸப் பொறுத்து, கொசுவப் பொறுத்து. மலை குளுரு, நமக்கு பயமில்லன்னு உக்கார முடியாது.

---

மலையடிவாரம்

சரிப்பா தம்பி, வாய மூடிக்கிறேன். ஆனா ஒண்ணு கேக்குறேன். உலகமே சூடாகுது சூடாகுதுங்கிறாங்க, உன் கணக்குப்படி 34 தாண்டுனா கொசு பரப்பாதே, அப்ப நமக்கு நல்லதுதான?

---

பூச்சிப்பையன்

கம்பத்துல நடு வெயில் மாசத்துக்கு வேணா அப்படி ஒரு நியாயம் பேசலாம். ஆனா நீங்க சொல்ற சூடு கீழ 31ஐ 33 ஆக்கும்போது, மேல 21ஐ 23 ஆக்கும். அங்க 23னா வைரஸுக்கு கதவு தொறந்தாச்சு. நேபாளத்துல காத்மாண்டு 1,300, 1,400 மீட்டர் உயரம், நம்ம குமுளிய விட ரொம்ப மேல. டெங்குனா தராய்ங்கிற தெக்குச் சமவெளிப் பகுதி நோய்னு இருந்தாங்க, 2022ல காத்மாண்டு பள்ளத்தாக்குலயே பெரிய அளவுல வந்துருச்சு, நாடு முழுக்க 50,000 பேருக்கு மேல. மலைச்சனத்துக்கு முன்னாடி டெங்கு வந்திருக்காது, உடம்புல எதிர்ப்பும் இருக்காது, அதான் முதல் தடவ வரும்போது அள்ளிக்கிட்டுப் போகுது.

---

லேப்_அக்கா

நான் தேனில ஒரு லேப்ல வேல பாக்குறேன். பூச்சிப்பையன் தம்பி சொன்னதெல்லாம் சரி, நான் வேற ஒரு முனைல இருந்து சொல்றேன், ஏன்னா வைரஸ் தானா மலை ஏறாது. கொசு பறந்தா சில நூறு மீட்டர், அவ்வளவுதான். கம்பம்மெட்டு ஏறுறது ஜீப்ல, மனுசனோட ரத்தத்துல. கூடலூர் தம்பி, உங்க வண்டிலதான் ஏறுது இறங்குது, தப்பா எடுத்துக்காதீங்க.

கொசு கடிச்சு 4ல இருந்து 10 நாள் கழிச்சு நமக்கு காய்ச்சல் வரும். காய்ச்சல் வர்றதுக்கு ஒரு நாள் ரெண்டு நாள் முன்னாடியே ரத்தத்துல வைரஸ் இருக்கும், காய்ச்சல் வந்து அஞ்சு நாள் வரைக்கும் இருக்கும். எங்க லேப்ல என்எஸ்1 டெஸ்ட், ரத்தத்துல டெங்கு வைரஸோட புரதத்த தேடுறது, இந்த அஞ்சு நாளுக்குள்ள வந்தாத்தான் நல்லா பிடிக்கும். ஆனா சனம் என்ன பண்ணுது, முதல் ரெண்டு நாள் ஒரு பாராசிட்டமால் போட்டுக்கிட்டு வேலைக்குப் போயிடும், ஏன்னா ஒரு நாள் கூலி போச்சுன்னா போச்சு. அந்த ரெண்டு நாள்தான் ரத்தத்துல வைரஸ் கொழிக்கிற நாள். தோட்டத்துல பகல் பூரா கொசுவுக்கு கைய நீட்டிக்கிட்டு நிக்கிறாங்க. ஆறாம் நாள் முடியாம எங்ககிட்ட வரும்போது பிளேட்லெட் எவ்வளவுன்னு மட்டும் கேப்பாங்க, யார் யாருக்கு குடுத்துட்டு வந்தோம்னு யாரும் கேக்குறதில்ல.

இப்ப தம்பி சொன்ன நாள் கணக்க இதோட சேத்துப் பாருங்க. ஒரு வீட்டுல ஒருத்தருக்கு டெங்கு. அவர கடிச்ச கொசு ஐப்பசி சூட்டுல பத்து நாள் முன்னப் பின்ன எச்சில வைரஸோட தயாராகும், அது அடுத்தவர கடிச்சு அவருக்கு காய்ச்சல் வர இன்னும் ஒரு வாரம். அதான் தெருவுல முதல் ஆள் படுத்து ரெண்டு மூணு வாரம் கழிச்சு திடுதிப்புனு நாலு வீட்டுல வரும். சனம் உடனே "தண்ணில ஏதோ கலந்துட்டாங்க"ங்கும்.

---

பூச்சிப்பையன்

அக்கா சொன்ன அந்த ரெண்டு மூணு வாரம், அதுலதான் இந்த விசயமே மொத மொத கண்டுபுடிச்சாங்க! ஹென்றி கார்ட்டர்னு ஒரு அமெரிக்க டாக்டர், 1898ல மிசிசிப்பில சின்ன கிராமங்கள்ல மஞ்சக்காய்ச்சல் வந்தப்ப வீடு வீடா தேதி குறிச்சுக்கிட்டே வந்தாரு. முதல் நோயாளி வந்த பெறகு அந்த வீட்டுல அடுத்தவருக்கு வர ரெண்டு மூணு வாரம் ஆகுது, ஆனா அதுக்கப்புறம் அந்த வீட்டுக்குள்ள புதுசா போறவனுக்கு சில நாள்லயே வருது. ஏதோ ஒண்ணு மனுசனுக்கு வெளிய பழுத்துக்கிட்டு இருக்குன்னு அவருக்குப் பட்டுருச்சு.

கியூபாவுல கார்லோஸ் ஃபின்லேங்கிற டாக்டர் 1881லயே கொசுதான் காரணம்னு சொன்னாரு, யாரும் நம்பல. ஏன்னா அவரு நோயாளிய கடிச்ச கொசுவ சில நாள்லயே அடுத்த ஆள்மேல விட்டுட்டாரு, வைரஸ் எச்சிக்கு வர நேரமே குடுக்கல, அதனால சோதனை தெளிவா வரல. 1900ல வால்ட்டர் ரீட் குழு ஹவானாவுல போய் ஃபின்லே குடுத்த முட்டைல இருந்தே கொசு வளத்து, 12 நாள் கிட்ட காத்திருந்து பெறகு விட்டாங்க, நோய் வந்துச்சு. அதுவும் நம்ம எஜிப்டி கொசுதான். ஒரு வார பொறுமைல 19 வருசம் போயிருச்சு.

---

சும்மா_பாத்தேன்

புதுச்சேரில பாக்டீரியா ஏத்துன கொசு விடப்போறாங்க, அது டெங்க பரப்பாதுன்னு எங்கயோ படிச்சேன். அதுக்கும் சூடு கணக்கு உண்டா?

---

பூச்சிப்பையன்

உண்டு. வோல்பாக்கியான்னு பேரு. புதுச்சேரில இருக்கிற ஐசிஎம்ஆர் கொசு ஆராய்ச்சி மையம் 2022ல ரெண்டு வகை தயார் பண்ணிட்டோம்னு சொன்னாங்க. அந்த பாக்டீரியா கொசுக்குள்ள இருந்தா டெங்கு வைரஸ் பெருக எடம் குடுக்காது. ஆனா அதுல ஒரு வகை, டபிள்யூமெல்னு சொல்றது, சூடு தாங்காது, பகல்ல 37 வரைக்கும் ஏறுற தண்ணில புழு வளந்தா கொசுவுக்குள்ள பாக்டீரியா அளவு சரிஞ்சு போகுது. இன்னொரு வகை, டபிள்யூஅல்பி, சூடு கொஞ்சம் தாங்கும், மலேசியால அதத்தான் எடுத்தாங்க. மொட்ட வெயில்ல கெடக்கிற சிமெண்ட் தொட்டி உள்ள நம்ம ஊருக்கு எதுங்கிறத சூடு பாத்துத்தான் முடிவு பண்ணணும்.

---

கூடலூர்_ஜீப்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அக்காவுக்கும் தம்பிக்கும். நம்ம வண்டிலதான் ஏறுதுன்னு அக்கா சொன்னது சுருக்குனு இருந்துச்சு, ஆனா நியாயம்தான். இப்ப நான் என்ன பண்ணணும்? காய்ச்சல்னு ஒருத்தர் வந்தா ஏத்தாம விடவா? அவங்க வயித்துப் பொழப்பு.

---

லேப்_அக்கா

ஏத்தாம விடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன் தம்பி, அப்படி விட்டா அடுத்த தடவ காய்ச்சல மறைச்சுக்கிட்டு ஏறுவாங்க. தோட்டத்து சூப்பர்வைசர்கிட்ட பேசி காய்ச்சல் ஆள ஸ்டோருக்குள்ள உக்காந்து காய் பொறுக்குற வேலைல போடச் சொல்லுங்க, முழுக்கை, சாக்ஸ், தேங்கா எண்ணெயில வேப்பெண்ண கலந்து தடவட்டும், கடையில விக்கிற கொசு கிரீமா இருந்தா இன்னும் நல்லது. வீட்டுல பகல்ல படுத்தாலும் வலைக்குள்ள படுக்கணும், இந்தக் கொசு பகல்லதான் கடிக்கும், ராத்திரி மட்டும் வலை கட்டி பிரயோசனம் இல்ல. ஆஸ்பிரின், புரூஃபன் மாதிரி வலி மாத்திரை வாங்கிக் குடுக்காதீங்க, டெங்கா இருந்தா ரத்தம் கசியும். நிலவேம்பு குடிக்கிறதுன்னா குடிங்க, ஆனா அத நம்பி ஆஸ்பத்திரி போகாம இருக்காதீங்க. காய்ச்சல் விட்ட அன்னைக்கு வயித்துவலி, வாந்தி, ஈறுல ரத்தம் இருந்தா உடனே பெரியாஸ்பத்திரி.

---

நெடுங்கண்டம்_தமிழன்

தோட்டத்துல நான் பாத்த ஒண்ணு சொல்றேன். படுதாக் குளத்த, அதான் குழில தார்ப்பாய் விரிச்சு தண்ணி தேக்குறது, அத பாத்து எல்லாரும் பயப்படுறாங்க, அதுல மீன் விட்டிருப்பாங்க, அங்க இந்தக் கொசு அவ்வளவா இல்ல. மருந்து கலக்குற நீல ட்ரம் இருக்கு பாருங்க, அடிச்சு முடிச்சு கழுவி கவுக்காம மரத்தடில வச்சுட்டுப் போயிடுவாங்க. மேல ஒரு விரக்கடை மழைத்தண்ணி, எல இலயா அழுகி, டார்ச் அடிச்சா புழு குட்டிக்கரணம் போடும். காலி மருந்து கேன், அறுத்துப் போட்ட சின்டெக்ஸ் டேங்க், தொங்குற தார்ப்பாய்ல குழி விழுந்த எடம். எங்க வார்டு ஆஷா சேச்சி வந்தா நேரா அங்கதான் போவாங்க.

---

பூச்சிப்பையன்

கவுத்தா மட்டும் போதாதுண்ணே, ட்ரம் உள்சுவத்த தேங்கா நாரு போட்டு தேய்க்கணும். முட்டை தண்ணிக்கு மேல சுவத்துல கறுப்பு புள்ளியா ஒட்டிக்கிட்டு மாசக்கணக்குல காஞ்சே கெடக்கும், அடுத்த மழைல தண்ணி தொட்டதும் பொரிக்கும். கீழ வாரம் ஒரு தடவ, ஏன்னா 28 30 டிகிரில ஒரு வாரத்துலயே பறந்துரும். மேல குளுர் மாசத்துல ரெண்டு வாரம் வரைக்கும் தள்ளலாம்னு கணக்கு சொல்லும், ஆனா சித்திரை வைகாசில தள்ளாதீங்க.

---

சும்மா_பாத்தேன்

கடைசியா ஒண்ணு, ஏசி ரூம்ல 18ல வச்சா கொசு செத்துருமா?

---

பூச்சிப்பையன்

சாகாது, மந்தமாகி சுவத்துல உக்காந்திருக்கும். ஏசிய அணைச்சா எந்திரிச்சு வரும். 18ல இருக்கும்போதே பேட்ட எடுத்து அடிச்சுருங்க, அப்பதான் சுலபம்.